நாற்பது விழுக்காடும் இரண்டு வயதுக் குழந்தையும்

ஏற்காடு ஒன்றியத்தின் மாரமங்கலம் ஊராட்சியில் இரண்டு வயதாகியும் பேச்சு வராத ஒரு குழந்தைக்கு அரசின் பயிற்சி உதவி கிடைக்க என்ன தகுதி வேண்டும்? காகிதத்தில் இருக்கும் பதில் தாராளமானது. 2013 பிப்ரவரியில் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம், அதாவது ஆர்.பி.எஸ்.கே. திட்டம், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கச் சொல்கிறது. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு தலைப்புகளில் 30 நிலைகளை அது பட்டியலிட்டது. வளர்ச்சித் தாமதம் என்ற தலைப்புக்குள் வர எந்த விழுக்காடும் எட்டவேண்டியதில்லை. எந்தச் சான்றிதழும் காட்டவேண்டியதில்லை. இரண்டு ஆயுஷ் மருத்துவர்கள், ஒரு மருந்தாளுநர், ஒரு செவிலியர் கொண்ட நடமாடும் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இருமுறை வரவேண்டும். அந்தந்த வயதுக்குரிய கேள்விப் பட்டியலை வைத்துப் பார்க்கவேண்டும். சந்தேகம் என்றால் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பவேண்டும். மாவட்டத்துக்கு ஒன்று என்று அமைந்த மையம் அது. மலையிலிருந்து பார்த்தால் அதன் பொருள், சேலத்துக்கு இறங்கவேண்டும் என்பதுதான்.

நடைமுறையில் வேலை செய்யும் தகுதி விதி வேறு. ஒரு பக்கம் தூரம் அதைத் தீர்மானிக்கிறது. இன்னொரு பக்கம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தீர்மானிக்கிறது. உதவித்தொகை, பேருந்துச் சலுகை, உபகரணம் என்று எந்த மேசைக்குப் போனாலும் முதல் கேள்வி அட்டை இருக்கிறதா என்பது. இரண்டாவது, எத்தனை பர்சன்ட் என்பது. இந்தக் கேள்விகள் காலப்போக்கில் பயிற்சிக்கும் தொற்றிக்கொண்டன. அட்டை வாங்காமல் பயிற்சி கிடைக்காது என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. ஆனாலும் அட்டை வாங்கும் அலைச்சலில் முடிந்துபோகும் மாதங்கள்தாம் பயிற்சிக்குரிய மாதங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சந்தேகமே தகுதியாக இருக்கவேண்டும், சந்தேகம் எழுந்த இடத்திலேயே உதவி தொடங்கவேண்டும், விழுக்காடு பணத்தோடு நின்றுகொள்ளவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகளும் உண்டு. முதலில் தலைப்பில் உள்ள அந்த 40 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. இட ஒதுக்கீடு உள்ளிட்ட முக்கியப் பலன்களுக்கு 40 விழுக்காட்டை எல்லையாக வைத்தது. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அதே கோடுதான். அந்த விழுக்காட்டை எப்படிக் கணக்கிடுவது என்பதை 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிமுறை வகுத்தது. அறிவுசார் குறைபாட்டுக்கு அது எடுத்துக்கொண்ட அளவுகோல் வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். அமெரிக்காவில் 1930களில் எட்கர் டால் உருவாக்கியது. நாக்பூரில் மாலின் இந்தியச் சூழலுக்குத் தழுவியது. குழந்தை தானாகச் சாப்பிடுகிறதா, உடை கழற்றுகிறதா, வீட்டுக்கு வெளியே தனியாகப் போய்வருகிறதா என்று பெரும்பாலும் தாயிடம் கேட்டு மதிப்பெண் போடும் முறை அது. மதிப்பெண் 70 முதல் 84 வரை இருந்தால் எல்லைக்கோட்டு நிலை, 25 விழுக்காடு. 55 முதல் 69 வரை இருந்தால் லேசான நிலை, 50 விழுக்காடு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் வேறு எண் கிடையாது. ஆக 40 என்ற சட்டக் கோடு ஒரு வெற்றிடத்தில் விழுகிறது. எழுபது வாங்கிய குழந்தைக்கு 25, அறுபத்தொன்பது வாங்கிய குழந்தைக்கு 50. ஒரு மதிப்பெண் என்பது, கூலிவேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்று களைத்த தாய் ஒரு கேள்விக்கு 'செய்வான்' என்று சொன்னாளா, 'சில நேரம் செய்வான்' என்று சொன்னாளா என்பதைப் பொறுத்தது. உளவியல் அளவீடுகளில் இதைவிடப் பெரிய பிழை இயல்பானது என்பதை அளப்பவர்களே ஒப்புக்கொள்வார்கள். நெறிமுறைகள் 2024இல் புதுப்பிக்கப்பட்டன. 40 என்பது சட்டத்தில் இருப்பதால் அது அசையவில்லை.

வளர்ந்தவர் ஒருவர் கையை இழந்திருந்தால் விழுக்காடு போடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. இழப்பு நிலைத்துவிட்டது, அளக்கலாம். இரண்டு வயதுக் குழந்தையிடம் அப்படி நிலைத்த எதுவும் இல்லை. 2018 நெறிமுறையே இதை ஓரளவு உணர்ந்திருந்தது. ஒரு வயது முடியாத குழந்தைக்கு அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழ் தரக்கூடாது என்றது. ஐந்து வயது வரை பொது வளர்ச்சித் தாமதம் என்று மட்டுமே குறிக்கச் சொன்னது. அறிவுசார் குறைபாடு என்ற பெயரை ஐந்துக்குப் பிறகுதான் அனுமதித்தது. சான்றிதழ் தருவதில் இந்தத் தயக்கம் சரியானதே. ஒரு வயதுக்குள் முத்திரை குத்துவது அறிவீனம். ஆனால் சான்றிதழும் உதவியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தால், முதலாவதில் காட்டும் நிதானம் இரண்டாவதில் தாமதமாக மாறிவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே விழுக்காடு வெவ்வேறு வயதில் வெவ்வேறு பொருள் தரும். 12 மாதக் குழந்தை 9 மாதக் குழந்தையைப் போல இயங்கினால் தாமதம் 25 விழுக்காடு, அதாவது மூன்று மாதம். 36 மாதக் குழந்தைக்கு அதே 25 விழுக்காடு என்றால் ஒன்பது மாதப் பின்தங்கல். முதல் குழந்தையிடம் மூன்று மாத இடைவெளியை நம்பகமாக அளக்கும் கருவி நம்மிடம் குறைவு. இரண்டாவது குழந்தையிடம் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் இரண்டு வருடம் போய்விட்டது. துல்லியத்துக்காகக் காத்திருந்தால் துல்லியம் கிடைக்கும்; கொடுக்கும் விலை அந்த இரண்டு வருடம்.

மருத்துவ உலகம் இந்தச் சிக்கலைச் சில இடங்களில் அவிழ்த்திருக்கிறது. மூளை முடக்குவாதத்தை வழக்கமாக 12 முதல் 24 மாதங்களுக்குள்தான் உறுதி செய்வார்கள். 2017இல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக்கும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, ஆறு மாதத்துக்கு முன்பே பல குழந்தைகளிடம் இதைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியது. உறுதியாகச் சொல்ல முடியாத குழந்தைகளுக்கு 'மூளை முடக்குவாதம் வர அதிக வாய்ப்பு' என்ற இடைக்கால நோயறிதலைக் கொடுத்து, அதன் பேரிலேயே பயிற்சியைத் தொடங்கச் சொன்னது. காது கேளாமையிலும் அப்படித்தான். முதல் மாதத்துக்குள் பரிசோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதி, ஆறாம் மாதத்துக்குள் உதவி என்பது உலகம் ஏற்றுக்கொண்ட காலவரிசை. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள் பேச்சிலும் மொழியிலும் பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிட முன்னே நிற்கிறார்கள் என்பது 1998இல் அமெரிக்காவின் கொலராடோ ஆய்வு காட்டிய முடிவு. நம் ஊரிலும் இதற்கு முன்னோடி உண்டு. காது கேளாத மழலையருக்கு மொழி கற்பிக்கும் சென்னை பாலவித்யாலயா 1969இல் தொடங்கியது. அறிவு வளர்ச்சி பிந்திய குழந்தைகளுக்காக மதுரம் நாராயணன் மையம் 1989இல் வந்தது. அந்த மையத்தின் உபநயன் பயிற்சித் திட்டம் தாயைப் பயிற்சியாளராக்குவதை மையமாகக் கொண்டது. இரண்டுமே தலைநகரில் இருக்கின்றன என்பதுதான் மலையிலிருக்கும் குழந்தைக்கு இடைஞ்சல்.

சந்தேகத்தையே தகுதியாக்கினால் கூட்டம் அலைமோதாதா? நிர்வாகிகள் முதலில் எழுப்பும் கேள்வி இதுதான், அது நியாயமான கேள்வியும்கூட. இதற்கு அமெரிக்க அனுபவம் ஒரு விசித்திரமான பதில் தருகிறது. அங்கே 1986 சட்டம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உதவியை மாநிலங்களிடம் விட்டது. எவ்வளவு தாமதம் என்றால் தகுதி என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்துகொள்ளலாம். ஒரு மாநிலத்தில் ஒரே துறையில் 25 விழுக்காடு பின்தங்கினால் போதும். இன்னொன்றில் 50 வேண்டும். டவுன் சிண்ட்ரோம் போன்ற, தாமதம் ஏற்படும் என்று முன்பே தெரிந்த நிலைகளில் எந்த அளவீடும் இல்லாமல் தகுதி உண்டு. விரும்பும் மாநிலம் ஆபத்து நிலையில் உள்ள குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ரோசன்பர்க்கும் சக ஆய்வாளர்களும் 2013இல் இந்த விதிகளை ஒரே குழந்தைக் கூட்டத்தின் மீது பொருத்திப் பார்த்தார்கள். மாநில விதியைப் பொறுத்து, தகுதி பெறக்கூடிய குழந்தைகள் 2 விழுக்காட்டிலிருந்து 78 விழுக்காடு வரை போனார்கள். உண்மையில் சேவை பெற்றவர்களோ எந்த மாநிலத்திலும் ஏறக்குறைய 7 விழுக்காட்டைத் தாண்டவில்லை, குறைந்தபட்சம் 1.5 விழுக்காடு. கதவை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் வெள்ளம் வரவில்லை. இதை என் வாதத்துக்குச் சாதகமாக மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையாகாது. விதியைத் தளர்த்தினால் மட்டும் யாரும் வந்துவிட மாட்டார்கள் என்பதும் அதே எண்களின் பொருள். யாரோ ஒருவர் தேடிப்போகவேண்டும். அந்த நாட்டில் பரிந்துரை வந்த 45 நாளுக்குள் மதிப்பீட்டை முடித்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் போடவேண்டும் என்று சட்டக் கெடு உண்டு. தகுதி விதியைவிட இந்தக் கெடுவைத்தான் நாம் பார்த்து எழுதவேண்டும் என்பது என் எண்ணம்.

தேடிப்போவது என்று வரும்போது சேர்வராயன் மலையின் தரை அமைப்பு முன்னால் வந்து நிற்கிறது. ஏற்காடு ஒன்றியத்தில் ஒன்பது ஊராட்சிகள். மாரமங்கலம் அவற்றில் ஒன்று. பெரும்பான்மை மக்கள் மலையாளி பழங்குடியினர். காப்பித் தோட்டக் கூலி, மிளகு, சொந்தமாகக் கொஞ்சம் காடு என்று பிழைப்பு. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். உள்ளூர்க் கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் தூரம் தனி. பயிற்சி என்பது ஒருநாள் வேலையல்ல. கழுத்து நிற்காத குழந்தைக்கு வாரம் ஒருமுறை, மாதக் கணக்கில் பார்க்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலி போகும். மலைப்பாதையில் குழந்தை வாந்தி எடுக்கும். மூத்த பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு வரவேண்டும். இரண்டு முறை வந்த குடும்பம் மூன்றாவது முறை வராமல் போனால், கோப்பில் 'பெற்றோர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவது எளிது. இருக்கும் இடத்தால் தகுதி இழப்பது என்ன என்பது இம்மக்களின் உறவினருக்குப் பழக்கமான ஒன்றுதான். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் சேலம், தர்மபுரி என்று மாவட்டப் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அந்த வரிசைக்கு வெளியே நின்று பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மலைக்கு வேறு கணக்கு வேண்டும் என்பதை அரசு மற்ற இடங்களில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 என்பது 3,000 ஆகிறது. 300 பேர் இருந்தால் முழு அங்கன்வாடி, 150 பேர் இருந்தால் குறு அங்கன்வாடி. இடையீட்டு சேவை மையத்துக்கு மட்டும் மாவட்டம் என்ற ஒரே அளவு. மேட்டூர் ஆற்றங்கரைக்கும் சேர்வராயன் உச்சிக்கும் ஒரே மையம். பேச்சுப் பயிற்சியாளரையும் இயன்முறை மருத்துவரையும் ஊராட்சிக்கு ஒருவராக நியமிக்க முடியாது. அப்படிக் கேட்பது விவரமற்ற கோரிக்கை. ஆனால் மதிப்பீடும் பயிற்சியும் ஒரே இடத்தில் நடக்கவேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? உறுதி செய்யும் வேலை சேலத்தில் நடக்கட்டும். தொடங்கும் வேலை மாரமங்கலத்தில் நடக்கலாம்.

யார் தொடங்குவது என்பதற்கும் மலையில் பதில் இருக்கிறது. சமவெளிக் கிராமங்களில் காணக்கிடைக்காத ஒருவர் இங்கே உண்டு. தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளுக்கென்றே நியமிக்கப்பட்டவர்கள். 2018இல் வந்த வீட்டுவழிச் சிறு குழந்தைப் பராமரிப்புத் திட்டம், குழந்தையின் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் ஆஷா வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்கிறது. இதை ஆர்.பி.எஸ்.கே. குழுவின் வருகையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். குழு வருடத்தில் இருமுறை அங்கன்வாடிக்கு வருகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை அங்கன்வாடியில் இருப்பதில்லை. தாய் சத்துமாவு வாங்க வரும் நாளில்தான் அதைப் பார்க்க முடியும். ஒன்பதாவது மாதத்தில் குழு வந்த நாளன்று தாய் தோட்ட வேலைக்குப் போயிருந்தால் அடுத்த வாய்ப்பு பதினைந்தாவது மாதம். அதற்குள் ஆஷா அந்த வீட்டுக்கு மூன்று முறை போயிருக்கவேண்டும். அவரிடம் சந்தேகப்படும் அதிகாரம் மட்டும் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தின் பேரில் எதையும் தொடங்கும் அதிகாரம் இல்லை. குழந்தையின் வளர்ச்சியை முதலில் கவனிக்கும் நபருக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. 2023 நவம்பரில் மத்திய அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டபோது இந்த நிலை கொஞ்சம் நகர்ந்தது. கண்டறிவது, அங்கன்வாடியிலேயே சேர்த்துக்கொள்வது, மேலே அனுப்புவது என்று அது படிகளை வகுத்தது. முதல் உதவி எந்த நாளில் தொடங்கியது என்று யாரும் பதிவேட்டில் எழுதாதவரை அந்தப் படிகள் ஏறுவதற்கு மட்டுமே பயன்படும், இறங்கி வருவதற்கு அல்ல.

மருத்துவர் அல்லாத ஒரு கிராமப் பணியாளர் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று நிபுணர்கள் ஐயப்படுவார்கள். இதற்குச் சான்று நிறையவே இருக்கிறது. ஜமைக்காவில் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து 1980களின் நடுவில் சாலி கிரந்தாம் மெக்ரெகர் குழு ஓர் ஆய்வைத் தொடங்கியது. சமூக சுகாதாரப் பணியாளர்கள் வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய், கையில் கிடைத்த பொருளை வைத்துத் தாயோடு சேர்ந்து குழந்தையை விளையாட வைத்தார்கள். இரண்டு வருடம், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து அவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, அந்த உதவி பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அவர்கள் மூளைக் குறைபாடு உள்ள குழந்தைகள் அல்லர் என்று மறுக்கலாம், உண்மைதான். அதனால் இன்னொரு ஆய்வு முக்கியமாகிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரின் பெற்றோருக்கு நிபுணர் அல்லாத பணியாளர்கள் வழியாகப் பயிற்சி கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவு, பெற்றோர் குழந்தையின் போக்கில் இணைந்து பேசுவதும் குழந்தை தானாகத் தொடர்பு கொள்ளத் தொடங்குவதும் கூடியிருந்ததைக் காட்டியது. நம் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதையே கிராமங்களில் செய்துவருகிறது. உள்ளூர்ப் பெண்கள் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாக வீடுகளுக்குப் போகிறார்கள். இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் பின்னால் இருந்து செல்பேசிச் செயலி வழியாக ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றத்தையும் பார்த்துத் திட்டத்தை மாற்றித் தருகிறார்கள். நிபுணரை இல்லாமல் செய்யும் முறையல்ல இது. நிபுணரின் கை நீளும் தூரத்தைக் கூட்டும் முறை.

தவறான எச்சரிக்கை பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் பார்த்ததில், ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்குவது ஏறக்குறைய 8 மாதம் முதல் 17 மாதத்துக்கு மேல் வரை பரந்து கிடக்கிறது. இரண்டு வயதில் பேச்சு பிந்திய குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தானாகவே மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். 'அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினான்' என்று பாட்டி சொல்வதில் அறிவியல் இல்லாமல் இல்லை. அப்படியென்றால் நல்ல குழந்தையைச் சந்தேகப்பட்டுக் குடும்பத்தைக் கலங்கடிப்பது ஏன்? தகுதி என்றதும் நாம் சான்றிதழை நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி பயமுறுத்துகிறது. சந்தேகத்தின் பேரில் முதலில் செய்யவேண்டியவை என்ன? காது கேட்கிறதா என்று பார்ப்பது, தைராய்டு சுரப்பைச் சோதிப்பது, கண் பார்ப்பது, தாயோடு உட்கார்ந்து குழந்தையிடம் எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று காட்டிக்கொடுப்பது. இவற்றில் எதுவும் தானாகத் தேறிவிடக்கூடிய குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. பிறவித் தைராய்டு குறைபாடு போன்ற ஒன்றைத் தவறவிட்டாலோ மீள முடியாத இழப்பு. களங்கம் வருவது அட்டையில் எழுதப்படும் பெயரிலிருந்து. வீட்டுக்கு வந்து விளையாட்டுக் காட்டும் பெண்ணிடமிருந்து அல்ல. இரண்டையும் பிரித்துவைத்தால் பாட்டியும் தோற்கவேண்டியதில்லை, குழந்தையும் காத்திருக்கவேண்டியதில்லை. சந்தேகத்தை எழுப்பும் கேள்விப் பட்டியல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பொருந்துமா என்பது தனிக் கேள்வி. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய பட்டியல் இரண்டு வயது வரைக்கும் 17 கேள்விகளோடு நிறுத்திக்கொண்டது அதன் பலம். பரோடா நகரக் குழந்தைகளை வைத்து வகுத்த விரிவான அளவுகோல்களோ, துளைப்பலகையில் கட்டையைப் பொருத்தத் தெரியாத மலைக் குழந்தையைப் பின்தங்கியதாகக் காட்டிவிடலாம். சுருக்கமான, வீட்டு வேலைகளோடு ஒட்டிய கேள்விகளே மலைக்குப் போதும்.

கடுமையான குறைபாடு உள்ள குழந்தைக்குக் கிடைக்கவேண்டிய நேரத்தை லேசான தாமதம் உள்ளவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்பது அடுத்த கவலை. இது நடக்கக்கூடியதுதான். 2018இல் வெளியான, பல்வல், காங்கிரா, தேன்கனல், வடகோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 3,964 குழந்தைகளைப் பார்த்த இந்திய ஆய்வு, 2 முதல் 6 வயதுக்குட்பட்டோரில் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் இடத்துக்கு இடம் 2.9 விழுக்காட்டிலிருந்து 18.7 விழுக்காடு வரை இருப்பதாகக் கண்டது. மேல் எண் உண்மையானால் எந்த மாவட்ட மையமும் தாங்காது. அதனால் நிபுணரின் நேரத்துக்கு வரிசை வேண்டும், அந்த வரிசையில் கடுமையான நிலை முன்னால் நிற்கவேண்டும். மலையில் ஏற்கெனவே இயங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளர் போன்றவர்களின் வருகையை முதலில் கழுத்து நிற்காத, உட்கார முடியாத குழந்தைக்குத்தான் ஒதுக்கவேண்டும். ஆனால் முன்னுரிமை என்பது வேறு, தகுதி என்பது வேறு. முன்னுரிமையில் பின்னால் இருப்பவருக்கும் இன்று ஏதோ ஒன்று கிடைக்கும். தகுதி மறுக்கப்பட்டவருக்கு ஒன்றும் இல்லை. அவர் மறுபடி கேட்கும் உரிமைகூட அவருக்குச் சொல்லித்தரப்படுவதில்லை.

ஆரம்பப் பயிற்சியின் ஆதரவாளர்கள் பக்கம் ஒரு மிகை உண்டு, அதையும் சொல்லவேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சரியாகிவிடும் என்ற தொனியில் சுவரொட்டிகள் பேசுகின்றன. சான்று அவ்வளவு தூரம் போகவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கான ஆரம்பப் பயிற்சிகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் ஆய்வு, அறிவு வளர்ச்சியில் பள்ளிக்கு முந்தைய வயது வரை பலன் இருப்பதாகவும், பள்ளி வயதில் அது மங்கிவிடுவதாகவும், உடலியக்கத்தில் பலன் சிறியதாகவும் கண்டது. டவுன் சிண்ட்ரோம் பயிற்சியால் மறைவதில்லை. மூளை முடக்குவாதமும் அப்படியே. எனக்குத் தோன்றுவது, குணமாகும் என்ற வாக்குறுதி மேல் கட்டப்பட்ட தகுதி விதி மோசமான விதி. குணமாகாத குழந்தையை அது இரண்டாம் வருடத்தில் கைவிட்டுவிடும். குழந்தை எந்த நிலையில் படுத்தால் மூட்டு இறுகாது, எப்படி ஊட்டினால் புரையேறாது, எந்தச் சைகையில் பசியைச் சொல்லும் என்பதைத் தாய் எட்டாம் மாதத்தில் தெரிந்துகொள்வதற்கும் எட்டாம் வயதில் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த அறிவுத்திறன் மதிப்பெண்ணும் காட்டாது.

பணத்தின் பக்கம் வந்தால் நான் விழுக்காட்டுக்கு எதிரானவன் அல்ல. உதவித்தொகைக்கு ஓர் எல்லை வேண்டும். எல்லை இல்லாவிட்டால் தரகர்கள் நுழைவார்கள், மருத்துவக் குழுமீது நெருக்கடி கூடும். அந்தக் கட்டுப்பாட்டை அப்படியே வைத்துக்கொள்ளட்டும். பயிற்சியில் கள்ளத்தனம் செய்து யாரும் லாபம் பார்க்க முடியாது. உடல்நலமான குழந்தைக்கு வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பொய்ச் சான்றிதழ் வாங்க யார் மெனக்கெடுவார்கள்? மேலும், சட்டமே வழிவிட்டிருக்கிறது. 2016 சட்டத்தின் 25ஆவது பிரிவு, எல்லாக் குழந்தைகளையும் வருடத்துக்கு ஒருமுறையாவது பரிசோதித்து ஆபத்து நிலையில் இருப்பவர்களைக் கண்டறிய அரசைப் பணிக்கிறது. அந்தப் பிரிவில் 40 கிடையாது. கண்டறிந்த பிறகு என்ன செய்யவேண்டும் என்பதில்தான் சட்டம் மௌனம் காக்கிறது. அந்த மௌனத்தை நிரப்புவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். பரிந்துரைக்கும் முதல் வீட்டுப் பயிற்சிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று மாவட்டம் மாதந்தோறும் கணக்குக் காட்டவேண்டும் என்று அதில் இருந்தால் போதும். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற கணக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது.

இவ்வளவும் ஆறு வயது வரைக்கும்தான். அதற்குப் பிறகு என்ன என்பதை இந்த வாதம் தீர்க்கவில்லை. மதிப்பெண் 75 பெற்ற குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதில் பொது வளர்ச்சித் தாமதம் என்ற தற்காலிகப் பெயர் கழன்றுவிடும். அறிவுசார் குறைபாட்டுக் கணக்கில் அதற்கு 25 விழுக்காடுதான், ஆகவே கோட்டுக்குக் கீழே. கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கலாம் என்றால் 2018 நெறிமுறைப்படி அதற்கு எட்டு வயது ஆகவேண்டும். ஆக ஐந்திலிருந்து எட்டு வரை, ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படிக்கும் காலத்தில், அக்குழந்தைக்கு எந்தப் பெயரும் இல்லை. எழுத்து கூட்டத் தெரியாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது அந்த வருடங்களில்தான். அமெரிக்கச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்துவைத்திருக்கிறது. வளர்ச்சித் தாமதம் என்ற பெயரையே மூன்று வயதிலிருந்து ஒன்பது வயது வரை பள்ளியிலும் தொடர மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு வட்டார அளவில் மருத்துவ முகாம் நடத்தும் நம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், சிறப்பாசிரியரின் வருகைப் பட்டியலில் இந்தக் குழந்தைகளையும் எட்டு வயது வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மருத்துவக் குழுவின் கையெழுத்து வேண்டாம். வகுப்பாசிரியரின் கையெழுத்து போதும்.